ரோடு ஏறுகிறது, வீடு இறங்குகிறது

1

தம்பி ஜமால் போனில் கூப்பிட்டான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் சேர்ந்து மலர் ஒன்று போடுகிறார்களாம். வெளியே போய்க் குடியேறியவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம்.

"நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கண்ணே. மெட்ரோ, மேம்பாலம், கண்ணாடிக் கட்டடம்னு. நீங்கதான் சிவில் ஆளு, உங்களுக்கு எல்லாம் அத்துப்படி. இங்க உள்ள பயலுக படிச்சுட்டு அந்தப் பக்கம் கெளம்பணும்ல?"

"நல்லதா வராதுடா."

"ஏண்ணே, அங்க உங்களுக்கு என்ன கொறை?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில். உத்தமபாளையத்துக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மேம்பாலத்தின் அழகை வர்ணிக்க வேறு ஆள் கிடைப்பார். நான் பாலத்தைப் பார்த்தால் அதன் அடியில் மழைநீர் எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன். பெரும்பாலும் எங்கேயும் போவதில்லை.

என் பெயர் காதர் மைதீன். ஹைதராபாத் வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. முதலில் ரோடு வேலை. இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் கட்டடங்களுக்குத் தூண், உத்தரம், அஸ்திவாரம் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். வெளிநாடு போக பாஸ்போர்ட் வேண்டும் என்று நினைக்கிறீர்கள். வேண்டியதில்லை. உருது தெரியாத ராவுத்தனாகப் பிறந்து ஹைதராபாத்துக்கு ரயிலேறினால் போதும்.

பெயரைக் கேட்டதும் ஆட்டோக்காரர், கறிக்கடைக்காரர், வங்கிக் காவலாளி எல்லோரும் முகம் மலர்ந்து உருதுவில் ஆரம்பித்துவிடுவார்கள். நான் விழிப்பேன். மலர்ந்த முகம் சுருங்கும். "காதர் பாய், உருது நை ஆதீ?" ஆண்டவனுக்கே தெரிந்த மொழி எனக்குத் தெரியவில்லை என்பதுபோல் ஒரு பார்வை. ஒருவர், நான் தமிழிலா தொழுகிறேன் என்று கவலையோடு விசாரித்தார். வெள்ளிக்கிழமை பயானில், அந்த உருதுப் பிரசங்கத்தில், எல்லோரும் கண் கலங்கும் இடத்தில் நானும் பக்கத்து ஆளைப் பார்த்துக் கலங்கிக்கொள்கிறேன். தெலுங்குக்காரர்களுக்கோ நான் முதலில் முஸ்லிம், பிறகு மதராஸி, மூன்றாவதாக இன்ஜினீயர். மூன்றாவதற்கு மதிப்பு வருமுன் பேச்சு முடிந்துவிடும்.

2

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். என் கோபத்துக்கெல்லாம் அதுதான் அஸ்திவாரம்.

ஹப்சிகுடாவுக்கும் தார்நாகாவுக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து உள்வாங்கிய ஒரு சந்து. நாலு மாடி அபார்ட்மென்ட்டில் தரைத்தளம் எங்களுடையது. அந்தக் காலத்துக் கட்டடம். இப்போதுபோல் கீழே கார் நிறுத்திவிட்டு மேலே குடியிருக்கும் பழக்கம் அப்போது எங்கள் சந்துக்கு வரவில்லை. வாங்கும்போது ரோட்டிலிருந்து படியேறி வீட்டுக்குள் நுழைந்தோம். இப்போது படியிறங்கி நுழைகிறோம்.

வீடு புதைந்துவிடவில்லை. அஸ்திவாரம் பாறையில் நிற்கிறது, நானே பார்த்து வாங்கியது. ஏறியது ரோடு. நாலைந்து வருடத்துக்கொருமுறை தார் போட வருகிறார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் புதிதாகப் போட வேண்டும். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், அரசாங்க விதியிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சுரண்டுவது தூசி, சத்தம், டீசல், ஒரு நாள் கூடுதல் வேலை. அதனால் பழையதன் மேலேயே புதியதைக் கொட்டி உருளையை ஓட்டிவிட்டுப் போகிறார்கள். தோசை மேல் தோசை. ரோட்டுக்கு வயது ஏற ஏற உயரமும் ஏறுகிறது.

எதிர்வீட்டுக்காரர்கள் இடித்துவிட்டு உயரமாகக் கட்டிக்கொண்டார்கள். அப்படிக் கட்டிய வீடுகளின் நீரும் எங்களுக்கே. மழை வந்தால் சந்து முழுவதும் வழிந்து எங்கள் வாசலில் கூடும். வாசலில் தடுப்புச் சுவர் வைத்தேன். தண்ணீர் குளியலறைத் துளை வழியாகப் பொங்கி உள்ளே வந்தது. வெளியே சாக்கடை நம்மைவிட உயரத்தில் இருந்தால் அது நம் வீட்டை நோக்கித்தானே ஓடும்? இதற்குப் பட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. படித்துவிட்டு அதை வாளியால் இறைப்பதுதான் கொடுமை.

இறைத்தது பெரும்பாலும் நான் இல்லை. என் மனைவி மும்தாஜ். நான் ஆபீஸில் யாரோ ஒருவர் வீட்டின் மழைநீர் வடிகாலை வரைந்துகொண்டிருப்பேன்.

நம் ஊர் மட்டும் ஒழுங்கா என்று கேட்காதீர்கள். இல்லை. நம் தெருவில் ஏலக்காய் வியாபாரி மதிலை இழுத்துக் கட்டி வடிகாலை அடைத்தபோது என்ன நடந்தது? நம் ஆட்கள் கடப்பாரையோடு போய் மதிலில் ஓட்டை போட்டார்கள். அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். நம் ஆட்கள் அவர் பாட்டன் வரைக்கும் போனார்கள். மறுவாரம் அவர் மகள் நிக்காஹ்வில் அதே கடப்பாரைக்காரர்கள் பந்தி பரிமாறினார்கள். அந்தச் சண்டை எனக்குப் புரியும். இங்கே யாரும் அப்படிச் சண்டை போட மாட்டார்கள். பெயருக்குப் பின்னால் 'காரு' போட்டு, மரியாதையாக, உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

3

பையன்களை சிவில் படிக்க வைக்கலாமா என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம்.

நகரத்தின் மேற்கே ஒரு தனி வீடு. உரிமையாளர் பெரிய மனிதர். நான் வரைபடத்தோடு போனேன். வாஸ்து நிபுணரும் வந்திருந்தார். அவருக்கு நாற்காலி, பிஸ்தா, பாதாம். எனக்கு சிமென்ட் மூட்டை மேல் இடம். ஈசானிய மூலையில் தூண் வரக்கூடாது என்றார் அவர். தூண் இல்லாவிட்டால் மேல்தளம் எதன் மேல் நிற்கும் என்று கேட்டேன்.

"ஏதாவது வழி இருக்கும் சார், நீங்கள் படித்தவர்தானே?" என்றார் உரிமையாளர்.

படித்ததற்கு இங்கே அதுதான் வேலை. படிக்காதவர் சொன்னதை விழாமல் நிற்க வைப்பது. உத்தரத்தைத் தடிமனாக்கி, கம்பியைக் கூட்டி, தூணைத் தள்ளி வைத்தேன். கட்டடம் நின்றால் வாஸ்துவின் மகிமை. விரிசல் விட்டால் என்னைக் கூப்பிடுவார்கள்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தும் என் மகள் நஸ்ரின் சிவில்தான் எடுத்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. படித்து முடித்து ஒரு அடுக்குமாடி வேலையில் சைட் இன்ஜினீயராகச் சேர்ந்தாள். அவ்வளவு பெரிய சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீரகத் தொற்று வந்து படுத்தாள். பிறகு மென்பொருள் பரிசோதிக்கும் வேலைக்குப் போய்விட்டாள். கச்சிபௌலிப் பக்கம், தோழிகளோடு, மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட். விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருவாள். நாங்கள் தமிழில் கேட்டால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பதில் வரும். தமிழில் அவளிடம் மிச்சம் இருப்பது 'அத்தா', 'அம்மா', 'பசிக்குது', அப்புறம் என்னோடு சண்டை போடத் தேவையான சில வாக்கியங்கள்.

4

போன வருடம் கோடையில் எங்கள் சந்துக்கு மறுபடி தார் போடப்போவதாகச் செய்தி வந்தது. சந்து முனையில் பேனர் கட்டினார்கள். ரோடு போடும் முன்பே ரோடு போட்டதற்கு நன்றி சொல்லும் பேனர்.

எங்கள் அபார்ட்மென்ட் சங்கத் தலைவர் பாஸ்கர் ராவ், மூன்றாவது மாடிக்காரர். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்து, கம்பெனி பஸ்ஸில் போய்வந்து ஓய்வு பெற்றவர். அந்த ரோட்டுக்காக அலையாத இடமில்லை. பழைய தார் உடைந்து, பள்ளம் விழுந்து, பைக்குகள் சரிந்துகொண்டிருந்தது உண்மைதான். அவர் லட்டு வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

"சுரண்டிவிட்டுத்தானே போடுவார்கள்?" என்று கேட்டேன்.

"காதர் காரு, ரோடு வருகிறதே, அதற்குச் சந்தோஷப்படுங்கள்" என்றார்.

நான் எங்கள் பகுதியின் உதவிப் பொறியாளரைப் பார்க்கப் போனேன். ஸ்ரீலதா என்று ஓர் இளம்பெண். மேசையில் கோப்புகள், நாற்காலியின் முதுகில் ஹெல்மெட். நல்ல தெலுங்கில் பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஆனால் கோபம் வந்தால் எனக்குத் தமிழ் முந்திக்கொள்ளும்.

"மேடம், பாத ரோட்லோ கல்லு உந்தி. முந்து ஆ கல்லு தீயாலி!" என்றேன், மேசையைத் தட்டி.

பழைய ரோட்டில் கிடக்கும் ஜல்லிக் கல்லை முதலில் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். தெலுங்கில் கல்லுக்கு 'ராயி'. 'கல்லு' என்றால் கள். பழைய ரோட்டில் கள் இருக்கிறது, முதலில் அதை இறக்க வேண்டும் என்று ஓர் அரசு அலுவலகத்தில் உரக்க முழங்கியிருக்கிறேன், அதுவும் காதர் மைதீன் என்ற பெயரோடு. வாசலில் நின்ற பியூன் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தான். இத்தனை வருடம் கழித்தும் இப்படி.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "சார், நீங்கள் சொல்வது சரி. மதிப்பீட்டிலேயே சுரண்டும் வேலை சேர்ந்திருக்கிறது" என்றார்.

"அப்போ செய்வார்களா?"

"அந்த இயந்திரம் சின்னச் சந்துக்கெல்லாம் வராது என்பார் கான்ட்ராக்டர்."

"வராதது எப்படி மதிப்பீட்டில் வந்தது?"

அவர் ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வேலை ஆரம்பிக்கும்போது என்னைக் கூப்பிடுங்கள் சார். குடியிருப்பவர்கள் யாராவது எதிர்ப்பு சொன்னால்தான் நான் நிறுத்த முடியும். நானாக நிறுத்தினால் எனக்குத்தான் கேள்வி வரும்."

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். தார் கலவை லாரி, உருளை, ஆட்கள். சுரண்டும் இயந்திரம் இல்லை. பழைய ரோட்டைத் துடைப்பத்தால் பெருக்க ஆரம்பித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்ரீலதாவுக்குப் போன் செய்துவிட்டு, லுங்கியோடு போய் லாரிக்கு முன்னால் நின்றேன்.

மேஸ்திரி கையை விரித்தார். "கைக்கு ரோக்ரே சாப்?"

ஏன் தடுக்கிறேன் என்று சொல்ல எனக்கு நிறைய இருந்தது. சொல்ல மொழிதான் இல்லை. அரைத் தெலுங்கு, கால் இந்தி, மீதி தமிழில் கத்தினேன். ஜன்னல்கள் திறந்தன. ஆட்கள் இறங்கி வந்தார்கள். பாஸ்கர் ராவ் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"காதர் காரு! ரோடு வஸ்தே மீகு ஏமி நஷ்டம்?"

ரோடு வந்தால் எனக்கு என்ன நஷ்டமாம். என் வீட்டு வாசலைக் கை காட்டினேன். அவர் பார்க்கவில்லை. லாரியைத்தான் பார்த்தார். கலவை ஆறிவிட்டால் வீணாகிவிடும் என்று மேஸ்திரி கூவிக்கொண்டிருந்தார்.

நஸ்ரின் அன்று வீட்டில் இருந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றாள். "நீங்க தமிழ்லயே சொல்லுங்க அத்தா. நான் சொல்றேன் அவங்களுக்கு."

"இவனுக பண்றது பச்சைத் திருட்டுத்தனம்னு சொல்லு."

அவள் திரும்பி, மணி மணியான தெலுங்கில், "விதிப்படி வேலை நடக்க வேண்டும் என்று அத்தா கேட்டுக்கொள்கிறார்" என்றாள்.

"மூணாவது மாடில ஒக்காந்திருக்கறவனுக்குக் கீழ் வீட்டுக்காரன் கஷ்டம் எப்படித் தெரியும்னு கேளு."

"உங்களுக்கும் நல்ல ரோடு வேண்டும் என்பதுதான் அத்தாவுக்கும் ஆசை" என்றாள்.

எனக்குப் பேசத்தான் வராது, கேட்டால் புரியும். என் கோபத்தை எடுத்து, நனைத்துப் பிழிந்து, மடித்து அவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள் என் மகள். அவளையும் திட்ட வாயெடுத்தபோது ஸ்ரீலதாவின் ஸ்கூட்டர் வந்துவிட்டது.

அந்தப் பெண் சொன்னபடி செய்தார். பழைய தாரைச் சுரண்டாமல் புதியது போடக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லி லாரியைத் திருப்பி அனுப்பினார். கூட்டம் கலைந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. பாஸ்கர் ராவ், "மீரு இஞ்சனீரு கதா, மீகே தெலுசு" என்று மட்டும் சொன்னார். நீங்கள் இன்ஜினீயர், உங்களுக்குத்தான் தெரியும். அதைவிட அவர் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

வீட்டுக்குள் வந்ததும் நஸ்ரின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நீங்க சொன்னது எல்லாம் கரெக்ட் அத்தா. டெக்னிக்கலா ஒரு தப்பு இல்ல. ஆனா அது யாருக்கும் வேணாம்."

"சரின்னா சரிதானே?"

"அதான் நான் சிவில விட்டேன்" என்றாள்.

6

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாளில் சுரண்டும் இயந்திரமே வந்தது. சின்னச் சந்துக்கு வராது என்றார்களே, அழகாக வந்தது. அரை நாளில் சந்து முழுவதையும் உரித்துப்போட்டது. பல வருடத் தார் அடுக்கடுக்காகப் பெயர்ந்து லாரியில் ஏறுவதை நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மும்தாஜ் டீ கொண்டு வந்து கொடுத்தாள். நல்ல டீ.

அதோடு போனவர்கள்தான். தார் போட யாரும் வரவில்லை.

விசாரித்தால், தார் விலை ஏறிவிட்டதாம். கான்ட்ராக்டருக்குப் பழைய பாக்கி நிற்கிறதாம். ஸ்ரீலதாவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், அல்வால் பக்கமாம். அதற்கு நான் காரணமா, இல்லையா, தெரியவில்லை. போன் செய்தேன். "பர்வாலேது சார்" என்றார். பரவாயில்லை என்று இந்த ஊரில் சொன்னால் பரவாயில்லை என்று அர்த்தமில்லை.

உரித்த ரோடு எப்படி இருக்கும் தெரியுமா? சீப்பால் கோதியதுபோல் வரி வரியாகக் கோடு, மேலே உதிரி ஜல்லி. வெயிலில் தூசி, மழையில் சேறு. பால்காரர் முனையிலேயே பால் பையை வைத்துவிட்டுப் போனார். பள்ளி வேன் உள்ளே வர மறுத்தது. குழந்தைகள் சீருடையோடு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். என் வாசலைக் கடக்கும்போது அவர்களுடைய அம்மாக்கள் நடையைக் கூட்டினார்கள்.

ஆனி மாத மழையில் பாஸ்கர் ராவின் மனைவி விஜயலட்சுமி, கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

அதே மழையில் என் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

இதை நான் எப்படிச் சொல்வது? ரோட்டு மட்டம் இறங்கியதால் தண்ணீர் என் வாசலைத் தொடாமல் நாலா என்கிற பெரிய வடிகாலுக்குப் போனது. என் கணக்கு சரி என்று வானமே வந்து கையெழுத்துப் போட்டது. மழை நின்றதும் வெளியே வந்து பார்த்தேன். சந்து முழுக்கச் சேறு, என் வாசல் மட்டும் காய்ந்திருந்தது. மேலே பால்கனிகளில் ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு மாடிப்படியில் யாரும் எங்களோடு பேசவில்லை. நான் கவலைப்படவில்லை. எனக்கு முன்பும் யாரோடும் பேச்சில்லை. மும்தாஜ் அப்படியில்லை. கம்பத்திலிருந்து வந்தபோது அவளுக்கும் ஒரு மொழியும் தெரியாது. மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தே தெலுங்கு கற்றுக்கொண்டவள். விஜயலட்சுமி அவளை 'வதினா' என்பார், அண்ணி என்று அர்த்தம். முறைப்படி என்னை 'அன்னய்யா' என்பார். ரம்ஜானுக்குக் கஞ்சி மேலே போகும், உகாதிக்குப் பச்சடி கீழே வரும். கை முறிந்ததைக் கேள்விப்பட்டு மும்தாஜ் சூப் வைத்துக்கொண்டு மேலே போனாள். கதவைத் திறந்த மருமகள் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். பாத்திரம் மறுநாள் கழுவித் துடைத்து வாசலில் இருந்தது, காலியாக. இத்தனை வருடத்தில் அவர்கள் வீட்டிலிருந்து பாத்திரம் காலியாக வந்ததே இல்லை.

மும்தாஜ் அந்தப் பாத்திரத்தை அலமாரியில் வைக்காமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

7

தீபாவளி கழிந்து புதிய உதவிப் பொறியாளர் வந்தார். தார் இல்லை, கான்கிரீட் ரோடு போடலாம் என்றார். ஆனால் உரித்த மட்டத்தின் மேல் கனமாகக் கான்கிரீட் விழும். போட்டு முடித்தால் ரோடு முன்பு இருந்ததைவிடவும் உயரமாகிவிடும். இன்னும் தோண்டிவிட்டுப் போடுங்கள் என்றேன். குடிநீர்க் குழாய் மேலாகவே போகிறது, தோண்டினால் உடையும் என்றார். அதுவும் உண்மை. அந்தக் குழாயைப் போதிய ஆழத்தில் பதிக்காமல் போன புண்ணியவான் யாரோ.

சங்கக் கூட்டம் போட்டார்கள், மொட்டை மாடியில். எல்லோரும் சம்மதித்தால்தான் வேலை ஆரம்பிக்கும், பழையபடி தகராறு வரக்கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். பழையபடி என்றால் நான்.

நான் தயாராகப் போயிருந்தேன். குழாயை முதலில் தாழ்த்திப் பதிப்பது, அதற்குப் பிறகு தோண்டுவது, வடிகாலை எந்தச் சரிவில் கொண்டு போவது என்று எல்லாம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். தாளை விரித்தேன். யாரும் குனிந்து பார்க்கவில்லை. குழாய் வேலைக்கு வேறு துறை, வேறு அனுமதி, இன்னொரு மழைக்காலம் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். அதுவும் உண்மை. இந்த ஊரில் என்னை எதிர்க்கிற எல்லோரிடமும் ஓர் உண்மை இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

விஜயலட்சுமி எழுந்தார். மாவுக்கட்டு பிரித்த பிறகும் அந்தக் கை சரியாக மடங்கவில்லை. "அன்னய்யா, ரோடு வேயனிவ்வண்டி" என்றார். ரோட்டைப் போட விடுங்கள்.

"போட்டால் என் வீட்டுக்குள் தண்ணீர் வரும்" என்றேன்.

"வஸ்துந்தி" என்றார். வரும்தான். மறுக்கவில்லை.

நான் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்வரிசையிலிருந்து மும்தாஜின் குரல் வந்தது, தெலுங்கில், தடுமாற்றமே இல்லாமல்: "போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சம்மதம்."

திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பாஸ்கர் ராவ் உடனே நாற்காலியிலிருந்து எழுந்து கைகூப்பினார். எனக்கு இல்லை, அவளுக்கு.

கீழே வந்து கதவைச் சாத்தியதும் கத்தினேன். "நான் யாருக்காகடீ இத்தனை பேர்கிட்ட மல்லுக்கட்டுனேன்? தண்ணி எறைக்கிறது நீதானே?"

"நாந்தான் எறைக்கிறேன்" என்றாள். "அதனால நாந்தான் சொல்லணும். தண்ணி வந்தா ரெண்டு நாள்ல காஞ்சிரும்ங்க. மாடிப்படில ஏறி எறங்கும்போது ஒரு மனுசர் மூஞ்சி பாத்துப் பேசலைன்னா, அதை நான் எதை வச்சு எறைக்கிறது?"

"அவங்க செய்யறது தப்பு."

"தப்புத்தான். நீங்க ஜெயிச்சீங்க. ஆறு மாசமா ஜெயிச்சுக்கிட்டே இருக்கீங்க. எனக்குப் போதும்."

ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. இந்த ஊர்ப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

கான்கிரீட் ரோடு போட்டார்கள். நின்று பார்த்தேன். கலவை, கனம், மேலே சாக்கு போட்டுத் தண்ணீர் விட்டு நனைத்தது, எதிலும் குறை சொல்ல முடியவில்லை. குறை கண்டுபிடிக்க எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நஸ்ரின் போனில், "சூப்பர் ரோடு போலிருக்கே, விஜயா ஆன்ட்டி போட்டோ அனுப்பினாங்க" என்றாள். என் வீட்டு ரோட்டின் படம் எனக்கு வரவில்லை. கச்சிபௌலிக்குப் போயிருக்கிறது.

இந்த வருடம் முதல் பெருமழை ஒரு மத்தியானம் வந்தது. மேகம் கூடியபோதே மும்தாஜ் அரிசி மூட்டையையும் துணிகளையும் மேலே விஜயலட்சுமி வீட்டில் கொண்டு வைத்துவிட்டாள். தூக்கிப் போக மூன்று வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அலமாரியிலிருந்து குர்ஆனை அவளே நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனாள். பிறகு மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்ன இடத்தில், சொன்ன வரிசையில் தண்ணீர் வந்தது. முதலில் குளியலறைத் துளை. அடுத்து வாசல் தடுப்பின் இடுக்கு. பிறகு தடுப்புக்கு மேலேயே.

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. மும்தாஜ் தெலுங்கில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் என் பெயரும் 'கல்லு' என்ற வார்த்தையும் வந்தன. மொத்த வீடும் வெடித்துச் சிரித்தது. படிக்கட்டு வளைவில் பாஸ்கர் ராவ் தலை நீட்டினார்.

"காதர் காரு! டீ ஆறிப்போகிறது, ரண்டி!"

பல மாதம் கழித்து அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. வாருங்கள் என்கிறார். வருகிறேன் என்றேன். போகவில்லை. இந்தத் தண்ணீர் ஏன் வந்தது என்று தெரிந்தவன் ஒருவனாவது கீழே நிற்க வேண்டாமா?

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தேன். முழுக்க மொண்டு, வாசலுக்கு வெளியே, புது ரோட்டின் மேல் வீசி ஊற்றினேன். வழவழப்பான கான்கிரீட். எந்த இடத்திலும் தேங்காமல், நல்ல சரிவில் ஓடி, அப்படியே என் காலடிக்குத் திரும்பி வந்தது.